பனிக்காலப் பேய்க் கதையைப் பிள்ளைகளுக்கு வாசிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமை மாலைகளில் ஒன்பது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்டுகிறேன். டிசம்பர் வந்தால் எங்கள் கதை சார்லஸ் டிக்கன்ஸின் 'எ கிறிஸ்துமஸ் கேரல்'தான். வருஷா வருஷம் பெற்றோரும் பிள்ளைகளும் ஏறக்குறைய அதே சந்தேகங்களோடு வருவதால் அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். கதையின் முடிவு இதில் தெரிந்துவிடும், முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

கதை என்னங்க? நாலு வரியில சொல்லுங்க.

லண்டனில் ஸ்க்ரூஜ் என்று ஒரு கிழவர். எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, சரியாக ஏழு வருஷம் முன்பு அதே நாளில் செத்துப்போன அவருடைய தொழில் கூட்டாளி மார்லி பேயாக வந்து நிற்கிறார். இன்னும் மூன்று ஆவிகள் உன்னைத் தேடி வரும் என்று எச்சரித்துவிட்டுப் போகிறார். ஒன்று கடந்த காலத்தைக் காட்டுகிறது, ஒன்று நிகழ்காலத்தை, கடைசி ஆவி வரப்போவதை. காலையில் ஸ்க்ரூஜ் வேறு மனிதராக எழுந்திருக்கிறார்.

1843 டிசம்பர் 19ஆம் தேதி வெளிவந்த சின்னப் புத்தகம், மொத்தமே ஐந்து அத்தியாயம். இது பேய்க் கதை என்று டிக்கன்ஸே தலைப்புப் பக்கத்தில் அச்சிட்டிருக்கிறார். ஆகவே "நல்ல கதைன்னு சொன்னீங்க, பேய் வருதே" என்று யாரும் என்னிடம் சண்டைக்கு வர முடியாது.

எத்தனை வயசுப் பிள்ளைங்களுக்குச் சரியா வரும்?

கூட உட்கார்ந்து வாசித்துக் காட்டினால் ஒன்பது வயதுக்குச் சரி. தானாகப் படிக்க பன்னிரண்டாவது ஆகட்டும். கதை புரியாமல் போகாது, ஆனால் டிக்கன்ஸின் வாக்கியங்கள் நீளம். ஒரு காய்கறிக் கடையை வர்ணிக்க ஆரம்பித்தால் வெங்காயத்துக்குக்கூட ஒரு முகம் வைத்துவிட்டுத்தான் நகர்வார். அந்த நீளம் காதுக்குச் சுகம், சின்னக் கண்ணுக்குச் சுமை.

கிறிஸ்துமஸ்னா கேக்கு, நட்சத்திரம்னு சந்தோஷமான விஷயம். அதுல பேய் எப்படி வந்துச்சு?

இங்கிலாந்தில் இரண்டும் வெகு காலமாக ஒன்றாகத்தான் இருக்கின்றன. டிசம்பர் 21 வாக்கில் லண்டனில் மாலை நாலு மணி அடிப்பதற்குள் சூரியன் மறைந்துவிடும், மறுநாள் காலை எட்டு மணிக்கு மேல்தான் உதிக்கும். அதே நாளில் சென்னையில் ஐந்தே முக்கால் வரை வெளிச்சம் இருக்கும். மின்சாரம் இல்லாத காலத்தில் பதினாறு மணி நேர இருட்டை என்ன செய்வது? கணப்பைச் சுற்றி உட்கார்ந்து கதை சொல்வார்கள். வெளியே காற்று ஊளையிடும்போது என்ன கதை வரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

1611இல் லண்டனில் மேடையேறிய ஷேக்ஸ்பியரின் 'வின்டர்ஸ் டேல்' நாடகத்திலேயே இது இருக்கிறது. அம்மா கதை கேட்கிறாள். பனிக்காலத்துக்குச் சோகக் கதைதான் பொருத்தம், என்னிடம் பேய்க் கதை ஒன்று இருக்கிறது என்கிறான் குட்டி இளவரசன். கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு மனிதன் குடியிருந்தான் என்று ஆரம்பிக்கிறான், அதற்குள் அப்பா உள்ளே நுழைந்து எல்லாவற்றையும் கெடுத்துவிடுகிறார். அந்தக் கதையின் மீதி யாருக்கும் கிடைக்கவில்லை. டிக்கன்ஸ் இந்த வழக்கத்தைக் கண்டுபிடிக்கவில்லை, அச்சுக்குக் கொண்டுவந்து ஊரெங்கும் பரப்பினார். அவருக்குப் பிறகு கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் எம்.ஆர். ஜேம்ஸ் என்ற அறிஞர் கிறிஸ்துமஸ் சமயத்தில் நண்பர்களுக்குத் தன் பேய்க் கதைகளை வாசித்துக் காட்டுவார். அவை பெரியவர்களுக்கானவை. இப்போதைக்குப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

பனியே பார்க்காத பிள்ளைங்களுக்கு இந்தக் குளிர் எப்படிப் புரியும்?

கதையில் பனிப்பொழிவைவிடப் பனிமூட்டம்தான் அதிகம். முதல் பக்கங்களில் மணி மூன்றுதான், ஆனால் இருட்டிவிட்டது. பக்கத்து அலுவலக ஜன்னல்களில் மெழுகுவத்தி எரிகிறது, மூட்டம் சாவித் துவாரம் வழியாக உள்ளே வருகிறது. மார்கழி விடியலில் எதிர்வீடு தெரியாமல் மூடிக்கொள்ளும் பனியைப் பார்த்திருக்கும் பிள்ளைக்கு இதில் பாதி புரிந்துவிடும்.

மீதிப் பாதிக்கு பாப் கிராட்சிட்டைக் காட்டுங்கள். இவர் ஸ்க்ரூஜின் குமாஸ்தா. அவர் அறைக்கணப்பில் எரிவது ஒற்றைக் கரித்துண்டு போலத் தெரியும் அளவுக்குச் சின்ன நெருப்பு. கரிப்பெட்டியோ முதலாளி அறையில் இருக்கிறது. எடுக்கப் போனால் வேலை போகும். அதனால் கழுத்துத்துணியைச் சுற்றிக்கொண்டு மெழுகுவத்தியில் கை காய்ச்சப் பார்க்கிறார், முடியவில்லை. பிள்ளைகள் இந்த இடத்தில் தங்கள் உள்ளங்கையைத் தேய்த்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன், இத்தனைக்கும் எங்கள் அறையில் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்.

மார்லி பேய் ஏன் சங்கிலியை இழுத்துக்கிட்டு வருது?

நல்ல கேள்வி, பெரும்பாலும் முதல் கேள்வியும் இதுதான். அந்தச் சங்கிலியை உற்றுப் பாருங்கள். இரும்பில் செய்த கல்லாப்பெட்டிகள், சாவிகள், பூட்டுகள், பேரேடுகள், பத்திரங்கள், கனத்த பணப்பைகள். வாழ்நாள் முழுக்க எதைக் கட்டிக்கொண்டு அழுதாரோ அதுவே இடுப்பைச் சுற்றி வால் போல நீண்டு கிடக்கிறது. இதை யாரும் எனக்குப் பூட்டவில்லை, உயிரோடு இருந்தபோது கண்ணி கண்ணியாக நானே செய்துகொண்டேன் என்கிறார் மார்லி. அப்புறம் ஒன்று சொல்கிறார்: ஏழு வருஷம் முன்பே உன் சங்கிலியும் இவ்வளவு நீளம் இருந்தது, அதற்குப் பிறகும் நீ செய்துகொண்டுதான் இருக்கிறாய். ஸ்க்ரூஜ் தரையைத் திரும்பிப் பார்ப்பார். வாசிக்கும்போது இங்கே ஒரு நிமிஷம் நிறுத்துங்கள், பிள்ளைகளும் தரையைப் பார்ப்பார்கள்.

அது தலையைச் சுத்தித் துணி கட்டியிருக்கே, பல் வலியா?

இல்லை. இறந்தவர்களின் வாய் திறந்துகொள்ளாமல் இருக்கத் தாடையிலிருந்து தலை உச்சிக்குத் துணி கட்டுவார்கள். நம் ஊரிலும் செய்கிறார்கள், சாவு வீட்டுக்குப் போய்வந்த பிள்ளை பார்த்திருக்கும். அன்றைய லண்டனிலும் அப்படித்தான். மார்லி அந்தத் துணியை அவிழ்க்கிறார், கீழ்த்தாடை தொங்கி நெஞ்சில் விழுகிறது. முழுக் கதையிலும் ஒரே வரியில் திடுக்கிட வைக்கும் இடம் இதுதான். ஜான் லீச் முதல் பதிப்புக்கு வரைந்த படத்தில் அந்தக் கட்டு தெளிவாகத் தெரியும். படத்தை முதலில் காட்டிவிட்டு வாசியுங்கள், அதிர்ச்சி பாதியாகக் குறையும். குறையக் கூடாது என்று நினைத்தால் பிறகு காட்டுங்கள்.

என் பொண்ணு ராத்திரி தூங்க மாட்டேன்னு அழுதா என்ன பண்றது? தெரியாம ஆரம்பிச்சுட்டோமோன்னு இருக்கு.

எங்கே நிறுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. முதல் அத்தியாயம் முடிகிற இடத்தில் ஜன்னலுக்கு வெளியே வானம் முழுக்கப் பேய்கள் புலம்பிக்கொண்டு பறக்கின்றன. அதோடு புத்தகத்தை மூடி விளக்கை அணைத்தால் எந்தப் பிள்ளையும் அழும். இரண்டாம் அத்தியாயத்தின் முதல் சில பக்கங்களையும் சேர்த்து வாசித்துவிட்டு நிறுத்துங்கள். அதேபோல நாலாம் அத்தியாயத்தைத் தனியாக விடாதீர்கள். பிணம், செத்தவன் வீட்டுத் திரைச்சீலையைத் திருடி விற்பது, கல்லறை என்று இருண்டுகொண்டே போகும். ஐந்தாவது சின்னது, அதே மாலையில் சேர்த்து முடித்துவிடலாம்.

இன்னொன்று, டிக்கன்ஸ் பயத்தின் நடுவிலேயே சிரிக்க இடம் வைத்திருக்கிறார். மார்லியின் உடம்பு கண்ணாடி மாதிரி, அவர் கோட்டின் பின்பக்கப் பொத்தான் இரண்டும் முன்னாலிருந்தே தெரிகின்றன. பேய்க்கு உட்கார வருமா என்று ஸ்க்ரூஜ் மரியாதையாகக் கேட்கிறார். இந்த இடங்களைக் கொஞ்சம் இழுத்து வாசியுங்கள். இவ்வளவு செய்தும் பயந்தால் அந்த வருஷம் விட்டுவிடுங்கள், அடுத்த டிசம்பர் வரத்தானே போகிறது.

மூணு ஆவியும் ஒரே மாதிரி இருக்குமா?

ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. முதலாவது குழந்தையும் கிழவரும் கலந்த உருவம், உச்சந்தலையிலிருந்து ஒளி பீறிடும், அதை அணைக்கிற குல்லாவும் கையோடு வைத்திருக்கும். இரண்டாவது பச்சை அங்கி போட்ட ராட்சசன், வாய்விட்டுச் சிரிப்பவன், ஆனால் இரவு போகப் போக நரை கூடிக்கொண்டே போகும். மூன்றாவது கறுப்புப் போர்வை, நீட்டிய ஒரு கை, ஒரு வார்த்தை பேசாது. பிள்ளைகளிடம் வரையச் சொன்னால் எல்லாரும் மூன்றாவதைத்தான் வரைவார்கள். சுலபம் என்பதும் ஒரு காரணம்.

சுருக்கப் பதிப்பு வாங்கட்டுமா, முழுசா படிக்கணுமா?

முழுசாக. ஆங்கிலத்தில் முப்பதாயிரம் சொல்லுக்கு உட்பட்ட கதைதான், ஐந்து மாலை போதும். காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டதால் குட்டன்பர்க் தளத்தில் மூலம் இலவசமாகவே கிடைக்கிறது. ஆங்கிலத்தைப் பார்த்துக்கொண்டே தமிழில் சொல்லிக்கொண்டு போவதும் ஒரு வழி, நான் அப்படித்தான் செய்கிறேன்.

வர்ணனையைத் தாண்டிப் போவதில் தப்பில்லை. டிக்கன்ஸே வெட்டியிருக்கிறார். 1853 டிசம்பரில் பர்மிங்காமில் இதைப் பொதுமேடையில் வாசித்தபோது மூன்று மணி நேரம் ஆனது, பிறகு வந்த வருஷங்களில் தன் பிரதியில் கோடு போட்டுப் போட்டுச் சுருக்கினார். பிள்ளைகளுக்கான சுருக்கப் பதிப்புகளில் என் குறை வேறு. அவற்றில் பல, பேய்களையெல்லாம் வைத்துக்கொண்டு, மூன்றாம் அத்தியாயக் கடைசியில் வரும் இரண்டு குழந்தைகளைத் தூக்கிவிடுகின்றன. வாங்குவதற்கு முன் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள்.

அந்த ரெண்டு குழந்தைங்க யாரு? அதுங்களும் பேயா?

சிரித்துக்கொண்டே வந்தானே அந்த இரண்டாவது ஆவி, அவன் அங்கிக்கு அடியில் ஏதோ நகம் மாதிரி தெரிகிறது என்கிறார் ஸ்க்ரூஜ். ஆவி அங்கியை விலக்குகிறது. எலும்பும் தோலுமாக, கந்தலோடு, முறைத்துப் பார்த்தபடி ஒரு பையனும் ஒரு பெண்ணும். உன் பிள்ளைகளா என்று கேட்டால், மனிதர்களின் பிள்ளைகள் என்கிறது ஆவி. பையன் பெயர் அறியாமை, பெண்ணின் பெயர் வறுமை. இவர்களுக்குப் போக இடமே இல்லையா என்று ஸ்க்ரூஜ் கேட்க, சிறைச்சாலைகள் இல்லையா என்று அவர் முதல் அத்தியாயத்தில் நன்கொடை கேட்டு வந்தவர்களிடம் சொன்ன பதிலையே ஆவி திருப்பிச் சொல்கிறது.

பேய்களா என்றால், இல்லை, கதையில் நிஜத்துக்கு மிகப் பக்கத்தில் இருப்பவர்கள் இவர்கள்தான். சுரங்கங்களிலும் பட்டறைகளிலும் வேலை பார்க்கும் குழந்தைகளைப் பற்றிய அரசாங்க அறிக்கையை டிக்கன்ஸ் 1843இல் படித்தார். ஏழைக் குழந்தைகளுக்காக ஒரு துண்டுப் பிரசுரம் எழுதப்போவதாகச் சொல்லி, பிறகு அதைவிடப் பல மடங்கு ஓங்கி அடிக்கும் ஒன்றைச் செய்கிறேன் என்று தள்ளிப்போட்டார். செப்டம்பரில் லண்டன் ஃபீல்டு லேன் பகுதியில் தெருப்பிள்ளைகளுக்கென்று நடந்த இலவசப் பள்ளியைப் போய்ப் பார்த்தார். அக்டோபரில் கதையை ஆரம்பித்து ஆறே வாரத்தில் முடித்தார்.

அதற்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. 1824இல் அவருடைய அப்பா கடனைக் கட்ட முடியாமல் மார்ஷல்சீ சிறைக்குப் போனார். பன்னிரண்டு வயது சார்லஸ் தேம்ஸ் கரையில் எலி ஓடும் கட்டடம் ஒன்றில் ஷூ பாலிஷ் புட்டிகளுக்குக் காகிதம் கட்டி, லேபிள் ஒட்டும் வேலை பார்த்தார். பெரியவரான பிறகு இதை அவர் ஊருக்குச் சொல்லவில்லை. கேட்கும் பிள்ளைகளும் அதே வயதுக்காரர்கள் என்பதால் இதை நான் கட்டாயம் சொல்வேன். மார்லியின் தாடை விழுந்தபோது கூச்சல் போட்டவர்கள் இதைக் கேட்டு வேறு மாதிரி அமைதியாகிறார்கள். இந்தப் பக்கத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது பேய் மிரட்டி ஒரு கஞ்சன் திருந்திய கதைதான். அதற்கு டிக்கன்ஸ் தேவையில்லை.

பாப்புக்கு வாரம் 15 ஷில்லிங் சம்பளம்னு வருது. அது நிறையவா கம்மியா?

ஒரு பவுனுக்கு இருபது ஷில்லிங், ஆகவே முக்கால் பவுன். லண்டனில் ஆறு பிள்ளைகளோடு அதில் குடித்தனம் நடத்துவது கஷ்டம். கணக்கு வேண்டுமென்றால் இதைப் பாருங்கள்: இந்தப் புத்தகத்தின் விலையே ஐந்து ஷில்லிங். பாப் தன் கதையைத் தானே வாங்கிப் படிக்க ஆசைப்பட்டால் வாரச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.

அப்போ டிக்கன்ஸுக்கு நல்ல காசு வந்திருக்குமே?

அச்சடித்த 6,000 பிரதிகளும் கிறிஸ்துமஸுக்கு முன்பே விற்றுத் தீர்ந்தன. ஆனால் வண்ணப் படம், தங்க எழுத்து என்று இழைத்து இழைத்துச் செய்ததில் செலவு ஏறிவிட்டது. ஆயிரம் பவுனை எதிர்பார்த்தவருக்கு முதல் அச்சில் கைக்கு வந்தது 230. ஒரு மாதத்துக்குள் திருட்டுப் பதிப்பு வேறு வந்தது. வழக்குப் போட்டு ஜெயித்தார், எதிராளி மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டதால் வழக்குச் செலவு சுமார் 700 பவுனும் அவர் தலையிலேயே விழுந்தது.

டைனி டிம்முக்கு என்ன நோய்? டாக்டர் யாரும் பார்க்கலையா?

பாப்பின் கடைசிப் பிள்ளை டிம். ஊன்றுகோல், காலில் இரும்புச் சட்டம், அவ்வளவுதான் கதையில் இருக்கிறது. நோயின் பெயர் இல்லை. சூரிய வெளிச்சமும் சத்துணவும் கிடைக்காமல் எலும்பு வளையும் ரிக்கெட்ஸ் என்று சிலரும், சிறுநீரகக் கோளாறு என்று சிலரும் பின்னாளில் ஊகித்திருக்கிறார்கள். டிக்கன்ஸுக்கு நோய் முக்கியமில்லை. வரப்போவது மாறாவிட்டால் பையன் சாவான், மாறினால் பிழைப்பான் என்கிறார். சம்பளம் கூடினால் குணமாகக்கூடிய நோய் என்று புரிந்துகொண்டால் போதும்.

நாங்க கிறிஸ்தவங்க இல்லை. மதப் பிரச்சாரம் மாதிரி இருக்குமா?

இருக்காது. கோயில் மணி அடிக்கிறது, டிம் சர்ச்சுக்குப் போய்வருகிறான், கடைசியில் ஸ்க்ரூஜும் போகிறார். மற்றபடி போதனை எல்லாம் கூலி, கரி, சாப்பாடு பற்றியதுதான்.

மார்லி மூணு ராத்திரின்னு சொல்றாரு, ஆனா ஒரே ராத்திரியில முடிஞ்சிடுது. டிக்கன்ஸ் மறந்துட்டாரா?

கவனமாகக் கேட்கிற பிள்ளை ஒன்று ஒவ்வொரு வருஷமும் இதைப் பிடித்துவிடும். மார்லி மூன்று இரவுகளைத் தனித்தனியாகத்தான் சொல்கிறார். கண் விழித்த ஸ்க்ரூஜ் தெருவில் போகும் பையனைக் கூப்பிட்டு இன்று என்ன நாள் என்று கேட்கிறார், கிறிஸ்துமஸ் என்கிறான். ஆவிகள் ஒரே இரவில் முடித்துவிட்டன, அவற்றால் எதுவும் முடியும் என்று அவரே சமாதானம் சொல்லிக்கொள்கிறார். ஆகவே மறதி இல்லை. இரண்டாம் அத்தியாய ஆரம்பத்திலேயே இதற்கு அச்சாரம் போட்டிருக்கிறார்: இரண்டு மணிக்கு மேல் படுத்தவர் விழிக்கும்போது மணி பன்னிரண்டு அடிக்கிறது. அந்த வீட்டில் கடிகாரம் அப்போதே பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது.

எல்லாம் கனவுதானே? கடைசியில கட்டில்லதானே எழுந்திருக்கிறாரு?

கனவென்றும் சொல்லலாம், செரிக்காத சாப்பாடு செய்கிற வேலை என்று ஸ்க்ரூஜே மார்லியின் முகத்துக்கு நேராகச் சொல்கிறார். ஆனால் கதவு தட்டும் உலோக வளையத்தில் மார்லியின் முகம் தெரிந்தபோது அவர் தெருவில் நின்றுகொண்டிருந்தார், தூங்கவில்லை. இரண்டு பக்கத்துக்கும் சாட்சி இருக்கிறது. பிள்ளைகளை இரண்டு கட்சியாகப் பிரித்து வாதாட விடுங்கள், நீங்கள் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

கல்லறையில தன் பேரைப் பார்த்துப் பயந்துதானே ஸ்க்ரூஜ் திருந்துறாரு? பயமுறுத்தித் திருத்துறது சரியா?

ஓர் ஆசிரியர் கேட்டது. வரிசையைப் பாருங்கள். கல்லறை வருவது நாலாம் அத்தியாயத்தில். இரண்டாவதிலேயே அவர் அழுதுவிட்டார். விடுமுறைக்கு எல்லாரும் வீட்டுக்குப் போய்விட, காலியான பள்ளிக்கூடத்தில் தனியாகப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் பையனைப் பார்க்கிறார், அந்தப் பையன் அவரேதான். உடனே நினைவுக்கு வருவது, அன்று மாலை தன் கதவருகே பாட வந்த பையன். ரூலரைத் தூக்கி அவனை விரட்டியிருந்தார், ஏதாவது கொடுத்திருக்கலாம் என்கிறார். அதே அத்தியாயத்தில் கொஞ்சம் பின்னால், குமாஸ்தாவிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும்போல் இருக்கிறது. மூன்றாவதில் டிம் பிழைப்பானா என்று கேட்கிறார். மேலே சொன்ன இரண்டு குழந்தைகள் அதற்கும் பிறகு. கல்லறைக்குப் போய்ச் சேரும்போது மனிதர் ஏற்கெனவே முக்கால்வாசி கரைந்தாயிற்று. மூன்றாவது ஆவிக்கு அதனால்தான் பேச வேண்டிய அவசியமே வரவில்லை என்பது என் கட்சி.

என் பையன் தானே ஒரு பேய்க் கதை எழுதப் போறேங்கிறான். எங்கே ஆரம்பிக்கச் சொல்றது?

கதவில் தட்டும் அந்த வளையத்தில் ஆரம்பிக்கச் சொல்லுங்கள். தினமும் பார்க்கிற பொருள், அதில் விசேஷம் எதுவும் இல்லை என்று டிக்கன்ஸ் முதலில் அடித்துச் சொல்லிவிடுகிறார். அப்புறம்தான் அதில் முகம் வருகிறது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் வெறும் வளையம். உங்கள் வீட்டில் அது ஸ்விட்ச் போர்டாக இருக்கலாம், மாடிப்படித் தண்ணீர்க் குழாயாக இருக்கலாம். பாழடைந்த பங்களாவில் ஆரம்பித்தால் முதல் வரியிலேயே எல்லாருக்கும் தெரிந்துவிடும். பேய்க்கு என்ன வேண்டும் என்பதையும் எழுதுவதற்கு முன்பே முடிவு செய்யச் சொல்லுங்கள்.

கிறிஸ்துமஸ் அன்னிக்குக் காலையில ஸ்க்ரூஜ் வான்கோழி வாங்கி அனுப்புறாரே, கடை எப்படித் திறந்திருந்துச்சு? அதை எப்போ சமைச்சு எப்போ சாப்பிட்டாங்க?

கடை திறந்திருக்கும். மூன்றாம் அத்தியாயத்திலேயே கிறிஸ்துமஸ் காலையில் கோழிக்கடைகள் பாதி திறந்திருப்பதாக வருகிறது. வீட்டில் பெரிய அடுப்பு இல்லாத ஏழைகள் தங்கள் இறைச்சியை ரொட்டிக்கடை அடுப்புக்கு எடுத்துக்கொண்டு போவதும் வருகிறது. பாப் வீட்டு வாத்தும் அங்கேதான் வெந்தது.

இரண்டாவது பாதிக்கு டிக்கன்ஸ் பதில் சொல்லவில்லை. டிம்மைப் போல இரண்டு மடங்கு பெரிய வான்கோழி, வண்டி வைத்து, பாப் குடியிருக்கும் காம்டன் டவுனுக்கு அனுப்பியாகிறது, அது வேக எத்தனை மணி நேரம் ஆகியிருக்கும் என்பது சமையல் தெரிந்த எந்த அம்மாவுக்கும் வரும் சந்தேகம். மறுநாள் 26, அன்றைக்கு இங்கிலாந்தில் இன்னும் அரசு விடுமுறை கிடையாது, 1871 சட்டத்துக்குப் பிறகுதான் வந்தது. பாப் வேலைக்குப் போக வேண்டும். போகிறார், ஆனால் பதினெட்டரை நிமிஷம் தாமதமாக. எங்கள் கூட்டத்தில் பத்து வயதுக்காரி ஒருத்தி இரண்டையும் முடிச்சுப் போட்டாள்: வான்கோழி நள்ளிரவுக்குத்தான் வெந்திருக்கும், சாப்பிட்டுவிட்டுத் தூங்கிப்போயிருப்பார், அதனால்தான் லேட்.